ஸ்தாபகர்

1957 ஒக்டோபர் 17, வியாழக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். விட்டுவிட்டுத் தூறல். காற்று அறவே இல்லை. குசினிப் புகை கூரையைத் தாண்டி எழ மனமில்லாமல் முற்றத்திலேயே படர்ந்து கிடந்தது. துணுக்காய்க்கு மேற்கே, காடு வெட்டித் திருத்திய நிலத்தில் நின்ற மிஷன் பெண்கள் விடுதியின் பின்முற்றத்தில், நெல் அவிக்கும் கிடாரம் மூன்று கற்களின்மேல் ஏற்றப்பட்டிருந்தது. அதற்குள் நெல் இல்லை. நாற்பத்தாறு சோற்றுக் கோப்பைகள், சலவைச் சோடா கரைத்த நீரில், ஒன்றோடொன்று முட்டிக் கொதித்துக்கொண்டிருந்தன. விடுதியைப் பொறுப்பாகப் பார்க்கும் மேற்றன் விமலேஸ்வரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கவட்டுத்தடியால் அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்தில் பதினொரு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். புதன்கிழமை மாலை சைக்கிளில் வந்த சுகாதாரப் பரிசோதகர் கிணற்றை எட்டிப் பார்த்தார். மலசலகூடத்தை எட்டிப் பாராமலே தலையை ஆட்டினார். உண்ணும் பாத்திரம் முழுவதையும் சோடா போட்டு அவிக்கும்படி சொல்லி, ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி. விமலேஸ்வரி செய்ததும் சரி. ஒரு மணி நேரம் அவித்து, ஒவ்வொன்றாகத் தடியால் தூக்கி எடுத்து, கழுவிய பாயில் கவிழ்த்து வைத்தாள். பிள்ளைகள் காலைப் புட்டுக்கு வந்து நின்றபோதுதான், கவிழ்ந்து கிடந்த கோப்பைகளின் அடியில் இருக்கவேண்டிய சிவப்புக் குறிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதை அவளும் கண்டாள், அவர்களும் கண்டார்கள்.

விடுதியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் கோப்பையைத் தன் வீட்டிலிருந்தே கொண்டுவரவேண்டும் என்பது தொடக்க நாளிலிருந்து வந்த விதி. அச்சிட்ட விதிமுறைகளில் அது ‘சுத்தம்’ என்ற தலைப்பின்கீழ் இருந்தது. எவரிடமிருந்து சுத்தம் என்று அதில் எழுதியிருக்கவில்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை. குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கமக்காரர்களின் பிள்ளைகள் நாற்பத்தைந்து பேர். அவர்கள் எல்லோரும் சைவர்கள். நாற்பத்தாறாவது பிள்ளை எஸ்தர். அவளுடைய தகப்பன் தாவீது கள்ளுச் சீவுகிறவர். விடுதியின் ஒரே கிறிஸ்தவப் பிள்ளை அவள்தான். விதி அவள் ஒருத்திக்காகவே எழுதப்பட்டது. அதற்குக் கீழ்ப்படிந்தவர்களோ மற்ற நாற்பத்தைந்து பேரும்.

முன்னெல்லாம் குறிகளே வேண்டியிருக்கவில்லை. பித்தளை வட்டில், அலுமினியத் தட்டு, நெளிந்த கரை, வளைந்த அடி என்று ஒவ்வொன்றும் தன் வீட்டைத் தானே சொல்லும். அந்த ஆண்டு பெப்ரவரியில்தான் வணக்கத்துக்குரிய சாமுவேல் இளையதம்பி குருப்பட்டம் பெற்ற இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவு வந்தது. வன்னியில் மூன்று விடுதிப் பாடசாலைகளை நிறுவிய அந்தப் போதகர், பிள்ளைகள் எல்லோரும் ஒரே பந்தியில் இருந்து உண்ணும் காட்சியைப் படமெடுப்பிக்க விரும்பினார். படத்தில் கோப்பைகள் வெவ்வேறாகத் தெரிந்தால் காட்சி கெட்டுவிடும். ஆகவே மீராசாகிபுவின் கடையிலிருந்து நீலக்கரை போட்ட வெள்ளை எனாமல் கோப்பைகள், ஒரே அளவில், ஒரே அச்சில், பெற்றோரின் செலவில் வாங்கப்பட்டன. வழக்கமாக வாசற்படியோரம், பந்தி முடிந்து மூன்று முழம் தள்ளி இருந்து உண்ணும் எஸ்தர் அன்று மட்டும் நடுவில், போதகரின் வலப்பக்கத்தில் இருத்தப்பட்டாள். படம் எடுத்து முடிந்ததும் அவள் தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்குப் போனாள். மற்றக் கோப்பைகள் அன்று பின்னேரமே கவிழ்க்கப்பட்டு, சிவப்புப் பூச்சில் சூலமும் சக்கரமும் தாமரையும் குறியாகப் பெற்றன. எஸ்தரின் கோப்பைக்குச் சிலுவை போடும்படி சொன்னவர் போதகர்தான். அதை ஒரு கௌரவமாகவே அவர் சொன்னார்.

இப்போது பாயில் நாற்பத்தாறு வெள்ளை வட்டங்கள் கிடந்தன. சிலுவை எது, சூலம் எது என்று கண்டுபிடிக்கும் கருவி எந்தப் பரிசோதகரிடமும் இல்லை.

“அக்கா, இதிலை என்ர எது?” என்று கேட்டாள் ஜெகதீஸ்வரி. அவளும் எஸ்தரும் ஒரே வகுப்பு. டிசம்பரில் இருவருக்கும் எஸ்.எஸ்.சி. சோதினை.

“எல்லாம் ஒண்டுதான். எடுத்துக்கொண்டு போய் இருங்கோ. புட்டு ஆறப்போகுது.”

“ஒண்டெண்டா?”

“ஒண்டெண்டா ஒண்டுதான்.”

எஸ்தர் பின்னுக்கு நின்றபடியே, “நான் கடைசியா எடுக்கிறன் அக்கா” என்றாள்.

“நீ கடைசியா எடுத்தென்ன, முதல் எடுத்தென்ன?” என்றாள் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. “ஆரின்ர எது எண்டு இனிக் கடவுளுக்குத்தான் தெரியும். உங்கட கடவுளுக்கோ, எங்கட கடவுளுக்கோ?”

யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வயிற்றோட்டத்தில் இரண்டு நாள் கஞ்சி மட்டும் குடித்திருந்த பிள்ளைகளுக்கு, தேங்காய்ப்பூப் போட்ட புட்டின் மணம் குலத்தைவிட உறுதியான செய்தியாக இருந்தது. கைக்கு வந்ததை எடுத்தார்கள், இருந்தார்கள், உண்டார்கள். ஜெகதீஸ்வரி இரண்டாம்முறையும் வாங்கினாள். விமலேஸ்வரி அகப்பையோடு நின்று அந்தப் பந்தியைப் பார்த்தாள். ஆறு வருடமாக எஸ்தரின் கோப்பையைத் தனித் தட்டில் வைத்து வந்தவள் அவள்தான். யாரும் அவளுக்கு அப்படிச் சொன்னதில்லை. சொல்லாமலே விளங்கும் வீட்டில்தான் அவளும் பிறந்தாள். அன்று காலை அவள் எந்தப் புரட்சியையும் நினைக்கவில்லை. கிருமியைத்தான் நினைத்தாள்.

தீபாவளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகச் சனிக்கிழமை பெற்றோர் வண்டில்களில் வந்தார்கள். பிள்ளைகளின் வாயிலிருந்து செய்தி புறப்பட்டு, படலையைத் தாண்டுவதற்குள் பெற்றோர் முகங்களில் வந்து நின்றது. குடியேற்றத் திட்டச் சங்கத் தலைவரும் ஜெகதீஸ்வரியின் தகப்பனுமான பரமலிங்கம், தோளில் மடித்த சால்வையோடு, விறாந்தைக்கு ஏறாமல் கீழே நின்று கதைத்தார். அவர் குரலை உயர்த்தவில்லை.

“மேற்றன், நாங்கள் சண்டைக்கு வரேல்லை.”

“சண்டைக்கு என்ன இருக்கு? வருத்தம் பரவாமல் அவிச்சனான். அவ்வளவுதான்.”

“அவிச்சது பிழையில்லை. புதுக் கோப்பை வாங்கிறதும் எங்களுக்குப் பெரிய வேலையில்லை. ஆனா பிள்ளையள் சாப்பிட்டதை என்ன செய்யிறது? அதை அவிக்கேலுமோ?” அவர் சால்வையை மறுதோளுக்கு மாற்றினார். “ஊரிலை எங்களுக்குச் சொந்தக்காரர் இருக்கினம். நாளைக்கு இந்தப் பெட்டையளுக்குக் கலியாணம் பேச வருவினம். வன்னிக்குப் போய் எல்லாம் கலந்துபோனியள் எண்டு ஒரு கதை எழும்பினா, ஆர் முகம் குடுக்கிறது? அந்தப் பிள்ளை இஞ்ச இல்லையெண்டா, அப்பிடி ஒண்டும் நடக்கேல்லையெண்டு நாங்கள் சொல்லலாம்.”

“அவளுக்கு டிசம்பரிலை சோதினை, பரமலிங்கத்தார்.”

“என்ர பிள்ளைக்கும்தான்” என்றார் அவர். அதைச் சொன்னபோது அவருடைய குரல் சற்றுத் தளர்ந்ததை விமலேஸ்வரி கவனித்தாள். “போதகர் ஐயாவைக் கேளுங்கோ. அவர் ஒரு முடிவை எழுதித் தரட்டும். அதுவரைக்கும் பிள்ளையள் வராதுகள்.”

வண்டில்கள் போன பிறகு விடுதியில் எஸ்தரும் விமலேஸ்வரியும் மட்டும் மிஞ்சினார்கள். தகப்பன் மூன்று கட்டைத் தூரத்துக்கு அப்பால் இருந்தபோதிலும், சோதினை முடியும்வரை விடுதியைவிட்டு அசைவதில்லை என்று எஸ்தர் முன்பே தீர்மானித்திருந்தாள். அவளுடைய பெயர் இந்தப் பாடசாலையின் பரீட்சார்த்தியாகத்தான் கொழும்புக்குப் போயிருந்தது. பாடசாலையைவிட்டு நீங்கினால் அந்தப் பெயரும் நீங்கும். சித்தியடைந்தால் ஆசிரிய கலாசாலைக்கு விண்ணப்பிக்கலாம். தவறினால் தகப்பனுடைய கள்ளு முட்டிகளைக் கழுவலாம். நடுவில் வேறெதுவும் இல்லை.

“ஐயா என்ன சொல்லுவார் அக்கா?” என்று அவள் கேட்டாள்.

“ஐயா ஜெபிப்பார்” என்றாள் விமலேஸ்வரி.

திங்கட்கிழமை அவள் மாங்குளம் வரை ஒரு பஸ்ஸிலும், அங்கிருந்து புளியங்குளத்துக்கு இன்னொரு பஸ்ஸிலும் போனாள். சந்தியிலிருந்து மிஷன் வீடு கூப்பிடுதூரம். போதகர் இளையதம்பி சாய்வுக் கதிரையில், பல்வலிக்குக் கராம்பு கடித்தபடி, நிறைவு மலருக்கான தன் வாழ்க்கைக் குறிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயதுக்கு அவர் அழகிய மனிதர். நரை அவருக்கு வயதாக வரவில்லை, பதவியாக வந்திருந்தது. பின்னாலிருந்த கண்ணாடி அலுமாரியில் வெள்ளி முலாம் பூசிய மூன்று கொத்துக்கரண்டிகள், பள்ளிக்கூடத்துக்கு ஒன்றாக, மினுக்கி வைக்கப்பட்டிருந்தன. அடிக்கல் நாட்டுவதில் அவரை வெல்ல மிஷனில் ஆளில்லை. கூரை போடுவதும், கிணறு வெட்டுவதும், மழைக்காலத்தில் சுவர் இடிந்து விழாமல் முட்டுக் கொடுப்பதும் மற்றவர்களுடைய ஊழியமாக இருந்தன.

அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் எழுதப்படாத பகுதி வன்னியில் எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் அவர் இளம் ஆசிரியராக இருந்த கல்லூரியில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவேண்டும் என்று மிஷன் கட்டளையிட்டபோது, பெற்றோரிடம் அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு அவரிடம் விடப்பட்டது. அந்த வாரமே அவருக்கு வன்னியிலிருந்து ஓர் அழைப்புக் கேட்டது. அழைத்தவர் கர்த்தர் என்பதால் எவரும் மறுத்துப் பேச முடியவில்லை. புளியங்குளத்தில் ஆண்கள் பாடசாலை எழுந்தது. அங்கே கிணற்றில் யார் அள்ளுவது என்ற கேள்வி வந்தபோது, புதுக்குடியிருப்பில் இரண்டாவது எழுந்தது. அங்கே தாழ்ந்த குடியிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் உயர்ந்த குடிப் பிள்ளையின் கையில் பிரம்பால் அடித்தது சரியா என்ற கேள்வி வந்தபோது, பெண்பிள்ளைகளின் கல்வியில் அவருக்குத் திடீரென அக்கறை பிறந்து, துணுக்காயில் மூன்றாவது எழுந்தது. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஒரு கேள்விக்கு அவர் சொல்லாமல் விட்ட பதில். மற்றவர்கள் கோழைத்தனத்தால் ஒன்றையும் கட்டுவதில்லை. அவர் அதைக்கொண்டு மூன்று கட்டினார் என்பதை மறுப்பதற்கில்லை.

“இரும் விமலேஸ்வரி. பஸ்ஸிலை இருக்க இடம் கிடைச்சதோ?”

“கிடைச்சது ஐயா. பரமலிங்கத்தார் ஆக்கள்…”

“அறிஞ்சன். எனக்கு வேதனை.” அவர் கன்னத்தில் கை வைத்தார்; எந்த வேதனை என்று அவளுக்கு விளங்கவில்லை. “ஏன் அந்தச் சோடாவைப் போட்டனீர்?”

“பரிசோதகர் சொன்னவர்.”

“அவர் அரசாங்க உத்தியோகத்தர். எங்களுக்கு எங்கட முறை ஒண்டு இருக்குதெல்லே?”

“வயிற்றோட்டத்துக்கும் அந்த முறை தெரியுமோ ஐயா?”

அவர் அதைக் கேளாதவர்போல் கராம்பை மறுகன்னத்துக்குத் தள்ளினார். விமலேஸ்வரி கதிரையின் நுனிக்கு வந்தாள்.

“எஸ்தர் டிசம்பரிலை சோதினை எழுதவேணும். கொஞ்சக் கிழமைதான். நீங்கள் வந்து ஒரு சொல் சொன்னாக் காணும்.”

“என்ன சொல்?”

“அவள் இருப்பாள் எண்டு.”

போதகர் நெடுநேரம் யன்னலைப் பார்த்தார். யன்னலுக்கு வெளியே வீதி மட்டும் இருந்தது. ஒரு மாட்டுவண்டில்கூட அவருக்கு உதவிக்கு வரவில்லை. “நீர் சொல்லுறது நியாயம்” என்றார். “ஆனா பரமலிங்கமும் கூடாத ஆள் இல்லை. வேற சமயத்தவர் எண்டாலும், எங்கட வளவுக்கு வேலி அடைச்சுத் தந்தவர்.”

“அவள் உங்கட சபைப் பிள்ளை. நீங்கள் ஞானஸ்நானம் குடுத்த பிள்ளை. அந்த நாப்பத்தாறிலை உங்கட பிள்ளை அவள் ஒருத்திதான் ஐயா.”

“அதாலைதான் மகளே!” அவருடைய முகம் மலர்ந்தது. தான் தேடிய வசனத்தை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்பதுபோல் முன்னால் குனிந்தார். “எங்கட பிள்ளையைத்தானே நாங்கள் பொறுத்துக்கொள் எண்டு சொல்லலாம்? மற்றவையிட்டை எந்த உரிமையிலை கேக்கிறது?”

அந்த நியாயத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ஆனால் அது வீட்டையே விழுங்கக்கூடிய அளவு பெரிதாக இருந்ததால், எங்கிருந்து தொடங்குவது என்று விமலேஸ்வரிக்குத் தெரியவில்லை.

“அப்ப சோதினை முடியுமட்டும் என்ர அறையிலை இருந்து படிக்கட்டும். சாப்பாடும் அங்கதான். பந்திக்கு வரமாட்டாள்.” அதைச் சொன்னபோது தன் வாயே தனக்குக் கசந்ததை அவள் உணர்ந்தாள். “அதையெண்டாலும் எழுதித் தாங்கோ ஐயா. பெற்றாருக்குக் காட்டுறன்.”

“நல்ல யோசனை. மெத்த நல்ல யோசனை. ஆனா எழுத்தெண்டா யோசிச்சு வைக்கவேணும். சொல்லுப் போயிடும், எழுத்து நிண்டிடும்.” அவர் கண்களை மூடினார். “ஜெபிப்பம்.”

ஜெபம் நீளமாக இருந்தது. அதில் வன்னி மண் இருந்தது, வறண்ட குளங்கள் இருந்தன, அறுவடைக்கு ஆளில்லாத வயல்கள் இருந்தன, எஸ்தர் இருக்கவில்லை. விமலேஸ்வரி கண்களைத் திறந்தபடியே இருந்தாள்.

மாங்குளத்தில் துணுக்காய் பஸ் போய்விட்டிருந்தது. சாமான் ஏற்றிக்கொண்டு போன மீராசாகிபுவின் லொறி அவளைக் கண்டு நின்றது. முல்லைத்தீவுக்காரரான மீராசாகிபு விடுதிக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொடுப்பவர். அவள் சாரதிக்குப் பக்கத்தில் வசதியாக இருக்கும்படி தான் பின்னால் மூட்டைகளுக்கு மேல் ஏறி, சாரதியின் தலைக்குப் பின்னாலிருந்த சிறு யன்னல் வழியாகக் கதைத்துக்கொண்டு வந்தார்.

“நாப்பத்தாறு கோப்பை திரும்ப வேணுமெண்டு கேள்விப்பட்டன், மேற்றன். இந்தமுறை பச்சைக்கரை வந்திருக்கு. சோடாவுக்குப் போகாது.”

“உங்களுக்குப் பகிடி.”

“எனக்குப் பகிடி இல்லை, யாவாரம். என்ர உம்மா எங்களை ஒரே சகனிலை இருத்தித்தான் சோறு போட்டவா. ஆறு பேரும் ஒரே தட்டிலை கை வைச்சனாங்கள். சண்டை வந்தது இறைச்சித் துண்டுக்குத்தான்.” லொறி பள்ளத்தில் விழுந்து எழும்பும்வரை பொறுத்திருந்தார். “ஐயா என்ன சொன்னவர்?”

“யோசிச்சு எழுதித் தாறாராம்.”

மீராசாகிபு சிரிக்கவில்லை. “ஐயா விடியக்காலமை ஆள் அனுப்பிச் சீமெந்து விலை கேட்டவர்” என்றார். “நான் கேட்டன், ஐயாவுக்கு இப்ப எங்க சண்டை எண்டு. ஆளுக்குக் கோபம் வந்திட்டுது.”

லொறியின் இரைச்சலுக்குள் விமலேஸ்வரி நேரத்தைக் கணக்குப் பார்த்தாள். விடியற்காலையிலேயே சீமெந்து கேட்டிருந்தால், முற்பகலில் அவளுடைய யோசனையை மெத்த நல்லது என்றபோது அவருடைய முடிவு ஆகிவிட்டிருந்தது. ஜெபம் அதற்கு வைத்த முத்திரை.

தீபாவளி கழிந்தது. பாடசாலை தொடங்கிய திங்களன்று பிள்ளைகள் எவரும் வரவில்லை. விமலேஸ்வரி எஸ்தரின் பாயைத் தன் அறைக்கு மாற்றி, சரித்திர நூலைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் பாடம் கேட்டாள். எஸ்தர் ஒல்லாந்தர் ஆட்சியை ஒரு மூச்சில் ஒப்புவித்துவிட்டு, “அக்கா, என்னை இஞ்ச வைச்சிருந்தா இந்தப் போடிங்கை மூடிப்போடுவினமோ?” என்று கேட்டாள்.

“போத்துக்கீசரைச் சொல்லு.”

“அவையும் போயிட்டினம்” என்றாள் எஸ்தர்.

புதன்கிழமை காலை ஒரு வண்டில் வந்தது. அதிலிருந்து பரமலிங்கமும், பெட்டியோடு ஜெகதீஸ்வரியும் இறங்கினார்கள். பரமலிங்கம் முன்புபோலவே கீழே நின்றார். ஆனால் விறாந்தையில் நின்ற எஸ்தரைப் பாராமல் இருக்க அதிகம் பாடுபட்டார்.

“இவள் மூண்டு நாளாச் சாப்பிடுறாள் இல்லை” என்றார். “கணக்குப் பாடம் எஸ்தரோடை இருந்து செய்தாத்தான் வருமாம். வீட்டிலை எனக்குத் தெரிஞ்ச கணக்கெல்லாம் நெல்லுக் கணக்கு.”

“பாஸ் பண்ணாட்டி உங்களைத்தான் சொல்லுவன் எண்டு அப்பாட்டைச் சொல்லிப்போட்டன் அக்கா” என்றாள் ஜெகதீஸ்வரி, தகப்பனுக்குக் கேட்கும்படியாக.

“கேட்டியளோ, வாயை!” பரமலிங்கம் சால்வையால் முகத்தைத் துடைத்தார். “மேற்றன், நான் உள்ளதைச் சொல்லுறன். அந்தச் சனிக்கிழமை நாங்கள் கதைச்சது ஒரு கதை. ஐயா வந்து, இவள் இருக்கிறாள், விருப்பமில்லாதவை கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு சொல்லியிருந்தா, நாங்கள் ரெண்டு நாள் உறுமிப்போட்டு அடங்கியிருப்பம். வேற பள்ளிக்கூடம் இந்தக் காட்டுக்குள்ளை எங்க இருக்கு? அவர் சொல்லேல்லையே! அவர் ஒண்டும் சொல்லாமல் இருக்க, எங்களிலைதான் நியாயம் இருக்காக்குமெண்டு எங்கட ஆக்களும் நினைச்சிட்டினம்.”

“அப்ப இப்ப?”

“சோதினை முடியட்டும். மற்ற வீடுகளுக்கும் நான் சொல்லிப்போட்டன். நாளைக்கு வருவினம்.” வண்டிலில் ஏறியபின் திரும்பினார். “புதுக் கோப்பை எல்லாருக்கும் நான் வாங்கித் தாறன். குறி ஒண்டும் போடாதேங்கோ. பேந்து அழிஞ்சா அலுப்பு.”

வியாழனும் வெள்ளியுமாக முப்பத்தெட்டுப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். விமலேஸ்வரி போதகருக்கு வெள்ளிக்கிழமையே தந்தி அடித்தாள்: எல்லாம் சரி, எதுவும் எழுதவேண்டாம். ஆறு வருடத்தில் முதன்முறையாக அவள் அன்றிரவு ஆழ்ந்து உறங்கினாள்.

சனிக்கிழமை முற்பகல் பத்து மணியளவில் மிஷன் கார் வந்தது. போதகர் வெள்ளை அங்கியில் இறங்கினார், பல்வலி நீங்கியிருந்தது. மாமர நிழலில் தாவீது நின்றார். அவருக்கு முதல்நாளே ஆள் அனுப்பப்பட்டிருந்தது. தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போதகர் நடந்து விறாந்தைக்கு ஏறும்வரை குனிந்தே நின்றார். எஸ்தர் படித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அழைக்கப்பட்டாள்.

“ஐயா, என்ர தந்தி கிடைச்சதோ?”

“கிடைச்சது, கிடைச்சது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.” அவர் அங்கிப் பைக்குள்ளிருந்து மடித்த இரண்டு கடதாசிகளை எடுத்து மேசையில் விரித்தார். “என்ர ஜெபத்துக்கு அவர் ரெண்டு பக்கத்தாலையும் பதில் சொல்லியிருக்கிறார் பாரும்.”

“பிள்ளையள் திரும்பி வந்திட்டினம். பரமலிங்கத்தார் தானே சொல்லிப்போட்டார். இனி முடிவு ஒண்டும் தேவையில்லை.”

“முடிவு வேற, இது வேற.” அவர் கதிரையில் அமர்ந்து பேனாவின் மூடியைக் கழற்றினார். “புதுக்குடியிருப்புக்கு அங்கால, ஒரு நல்ல மேட்டு நிலம். எங்கட பிள்ளையளுக்கெண்டே ஒரு பெண்கள் போடிங். ஒருதருக்கும் ஒருதரும் பதில் சொல்லத் தேவையில்லை. எஸ்தர்தான் அதின்ர முதல் மாணவி. நீர் முதல் மேற்றன். இந்த மாசம் மூண்டாம் கிழமை அடிக்கல்.”

“கட்டடம்?”

“அடிக்கல்லுக்குப் பிறகுதானே கட்டடம்.”

“டிசம்பரிலை இவள் எங்க இருந்து சோதினை எழுதிறது?”

“அடுத்த வருசம் எழுதட்டும். படிப்பு எங்கயும் ஓடாது.” அவர் அன்பாகச் சிரித்தார். “விமலேஸ்வரி, திருச்சபைத் தலைவருக்கு எழுதியாச்சு. கொழும்பிலிருந்து ஆக்கள் வாறதா ஒப்புக்கொண்டிட்டினம். நிறைவு மலரிலையும் நாலாவது எண்டு அச்சுப் போட்டாச்சு. முதல் மாணவி இல்லாமல் ஒரு பள்ளிக்கூடத்தை எப்பிடித் தொடங்கிறது?”

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். அதில் வஞ்சம் இல்லை, தேடினாலும் கிடைக்காது. வஞ்சிப்பதற்கு எதிரில் ஒரு மனிதர் இருப்பதாவது தெரியவேண்டும். அவருக்குத் தெரிந்தது மேட்டு நிலம், அதன் நடுவே ஒரு கல், கல்லின்மேல் ஒரு பெயர். பரமலிங்கத்தோடு வாதாடலாம், வாதாடினால் இரண்டு நாள் உறுமிவிட்டு இறங்கி வருவார். இவரோடு வாதாடுவது, வாழ்த்துப்பா படித்துக்கொண்டிருப்பவரிடம் வழி கேட்பதுபோல் இருந்தது.

“நான் அங்க வாறன் எண்டு சொல்லேல்லை ஐயா” என்றாள்.

“உம்மடை கடதாசி இதிலை இருக்கு. ஆறுதலா வாசிச்சுப் பாரும்.” அவர் எஸ்தரை இந்தப் பாடசாலையிலிருந்து விலக்கும் மற்றக் கடதாசியை இழுத்து வைத்து, பெயரின் முதலெழுத்தைச் சுழித்து, கடைசி எழுத்தின் வாலை நீட்டி, அடியில் இரண்டு கோடுகளும் கீறிக் கையெழுத்திட்டார். மை தடித்து மினுங்கியது. “தாவீது, இஞ்ச வா.”

தாவீது படியில் ஏறாமல் கீழேயே நின்று கைகளை நீட்டினார்.

“ஐயா” என்றாள் எஸ்தர். விறாந்தைத் தூணோடு நின்றவள் அசையவில்லை. “அங்க கிணறு இருக்கோ?”

“வெட்டுவம் மகளே.”

“ஆர் வெட்டுறது?”

போதகர் கடதாசியைப் படிக்குக் கீழே நீட்டினார். எழுத்தறியாத தாவீது அதை இரண்டு கைகளாலும் வாங்கினார்.

“ஐயா தன்ர கையாலை எழுதினதோ, நாச்சியார்?” என்று விமலேஸ்வரியைக் கேட்டார்.

“ஓம்.”

அவர் கடதாசியை உயர்த்தி, எழுத்துள்ள பக்கத்தை முதலில் ஒரு கண்ணிலும் பிறகு மறுகண்ணிலும் ஒற்றிக்கொண்டார். இறக்கியபோது, காயாத கையெழுத்தின் வால் வலக்கண் இமையிலிருந்து கன்னம் வரை நீலமாக இழுபட்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.